ஆளுக்கு ஐம்பது வாட் அவர்

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வாசலில் அம்மா நெருப்பு மூட்டியிருந்தாள். குச்சியில் செருகிய தேங்காயை நான் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் மெயில் வந்தது. ஒரு கையால் திறந்து படித்தேன். படித்த வேகத்தில் குதித்தேன். தேங்காய் நெருப்பில் விழுந்து, உள்ளே இருந்த வெல்லமும் எள்ளும் அவலும் புகைந்து, தெருவே மணத்தது. முப்பத்தேழு வயதுக்காரி வாசலில் குதிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

தேர்வாகிவிட்டேன்! வால்பாறைக்கு மேலே சோலைக்காட்டுக்குள் டாக்டர் ஆக்னஸ் நடத்தும் தவளை ஆராய்ச்சி முகாம். ஆவணி பிறந்ததும் மூன்று வாரம். காட்டில் பதிவு செய்த ஒலிகளை லேப்டாப்பில் தினமும் ஐந்து மணி நேரம் கேட்டு, எந்த நிமிடத்தில் எந்தத் தவளை கூப்பிட்டது என்று குறிக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ரத்தம் குடிக்கும் அட்டை உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. முகாமில் மின்இணைப்பு இல்லை. ஜெனரேட்டர் போட்டால் அந்த இரைச்சலில் தவளைகள் வாயை மூடிக்கொள்ளுமாம். சோலார் தகடுகள்தான், அதுவும் மழைக்கால வெயிலில். ஆகவே லேப்டாப்புக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது வாட் அவர், அதாவது ஐம்பது வாட் பல்பு ஒரு மணி நேரம் எரியும் மின்சாரம், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அவரவர் லேப்டாப் அதற்குள் ஓடும் என்று மீட்டர் வைத்து அளந்து, ஆகஸ்ட் 15க்குள் நிரூபிக்க வேண்டும். முடியாதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பது என்றால் சராசரி பத்து வாட். நான் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இன்ஜினியர். ஐந்து குதிரைசக்தி மோட்டாரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள். இந்தச் சுண்டைக்காய் லேப்டாப் எனக்கு எம்மாத்திரம்?

அம்மாவிடம் சொன்னேன். கருகிய தேங்காயை உடைத்தபடியே அவள் பதில் சொன்னாள்.

"தவளச் சத்தம் கேக்கறதுக்குக் காட்டுக்குப் போகோணுமா அம்மிணி? மழ பேஞ்சா நம்மூட்டுச் சாக்கடையிலயே கத்துது."

அதோடு விடவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெருந்துறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். ஆடியில் நல்ல காரியம் பேசக்கூடாது என்பதால்தான் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லையாம். இப்போது சொன்னாளே, இது ஆடிதானே என்று கேட்டேன். சுட்ட தேங்காயில் ஒரு பெரிய துண்டை என் வாயில் திணித்தாள்.

ஜூலை 18, வியாழன்

சோதனைக்கூட மீட்டரை மேலாளரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது மோட்டார்களுக்கான மீட்டர். கிலோவாட்டில்தான் பேசும். 0.05 என்றது. ஐம்பது வாட்! பத்து எங்கே, ஐம்பது எங்கே? காடு போயிற்று, அட்டை போயிற்று, பெருந்துறைதான் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா காபி கொண்டுவந்து தந்தபோதுதான் மூளை திரும்பியது. லேப்டாப்பின் பேட்டரி காலியாக இருந்திருக்கிறது. நாளெல்லாம் பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்து வெளுத்துக் கட்டுவதைப் பார்த்து, இவன் தினமும் இவ்வளவு தின்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பேட்டரி நிறைந்த பிறகுதான் அளக்க வேண்டும். சோதனைப் பிரிவில் பத்து வருடம். இதை ஆபீஸில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பேட்டரி நிறைந்த பின் மீட்டர் 0.02 என்றது. 0.01க்கும் 0.02க்கும் நடுவில் எங்கேயோ என் காடு இருக்கிறது. இந்த மீட்டருக்கு அது தெரியாது.

ஜூலை 21, ஞாயிறு

சாயிபாபா காலனியில் ஒரு பள்ளி வகுப்பறையில் தேர்வானவர்களுக்கு அறிமுகக் கூட்டம். டாக்டர் ஆக்னஸ் கட்டையான குரலில், கறாராகப் பேசினார். பிறகு தவளைக் குரல்களை ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டார். ஒன்று கோலிக்குண்டோடு கோலிக்குண்டைத் தட்டுவது போல. ஒன்று கதவுக் கீல் போல. ஒன்று சாட்சாத் எங்கள் மேலாளர் தொண்டையைச் செருமுவது போல.

எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர் ஒருவர்தான். திரு. மயில்வாகனன். கிராஸ்கட் ரோட்டில் காது கேட்கும் கருவி பொருத்தும் கடை வைத்திருக்கிறார். கண்ணை மூடி, தலையைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறார். என் மீட்டர் புலம்பலையும் அப்படியே தலை சாய்த்துக் கேட்டார். அவரிடம் பிளக்கில் செருகும் சின்ன மீட்டர்கள் இரண்டு இருக்கின்றனவாம், வாட்டின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுமாம். மாலையே ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டார்.

அவருடைய காதுகள் கொஞ்சம் பெரியவை. இதை ஒரு தகவலாக மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

இனி முறைப்படி சோதனை. என் அறையின் பிளக் ஆடும், பொறி பறக்கும். ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் நல்ல பிளக் இருக்கிறது. அதில் மீட்டர், மீட்டரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் லேப்டாப். பாக்ஸை அலமாரியின் கீழ்த்திரைக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அம்மன் படத்துக்கு முன்னால் வயர் கிடக்கக்கூடாது.

தினமும் மாலையில் அதே பயிற்சி ஒலிக்கோப்பு, அதே ஹெட்போன், ஒரு மணி நேரம்.

சாதாரண நிலையில் 18.4 வாட். பவர் சேவர் போட்டதும் 14. திரை வெளிச்சத்தைக் குறைத்ததும் 12.1. ஒவ்வொரு பட்டனுக்கும் எண் இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்கிறது. மோட்டாரை அளந்தபோது ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை.

ஒரு விஷயம். மாலையில் என் கைப்பேசியை அம்மா சமையல் வீடியோ பார்க்க எடுத்துக்கொள்கிறாள். அதனால் வாட்ஸ்அப்பை லேப்டாப்பிலேயே திறந்து வைத்திருக்கிறேன். அவசரத் தகவல் ஏதாவது வந்தால் தெரிய வேண்டுமல்லவா.

ஜூலை 25, வியாழன்

11.2. திரு. மயில்வாகனன் ஒரு ஒலி அனுப்பி, எந்தத் தவளை என்று கேட்டார். கீல் தவளை என்றேன். அவர் கடைக் கதவாம். சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 26, வெள்ளி

23.3!

பவர் சேவர் போட்ட லேப்டாப், போடாததை விட அதிகம் தின்கிறது. மூன்று முறை எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கினேன். அதே எண். சிக்கனமாக இரு என்று சொல்லிச் சொல்லி அதற்கு வீம்பு பிடித்துவிட்டதா?

ஜூலை 27, சனி

11.1. எதுவுமே நடக்காதது போல. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது. மயில்வாகனனிடம் சொன்னேன். நேற்று வெள்ளிக்கிழமை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கோயிலுக்குப் போய்விடுவதால் மின்னழுத்தம் ஏறுகிறது என்று ஒரு கோட்பாடு சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அறிவியல் மனப்பான்மை உள்ளவர்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஹாலை இரண்டு முறை பெருக்கினேன். சோதனை நடக்கும் இடம் தூசியில்லாமல் இருக்க வேண்டும். நீலப் புடவை கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடி வெள்ளி, அவ்வளவுதான்.

மயில்வாகனன் ஐந்தரைக்கு வந்தார். லேப்டாப் சமர்த்தாக 11 காட்டியது. அவர் தலையைச் சாய்த்து மீட்டரையே பார்த்தார். நானும் பார்த்தேன். இருட்டத் தொடங்கியதும் அம்மா முகம் கழுவி, விபூதி பூசி வந்து, எங்களைத் தாண்டிக் குனிந்து, திரைக்குப் பின்னால் கையை விட்டாள். மீட்டர் 23க்குத் தாவியது. அலமாரியில் அம்மன் முகம் சிவப்பாக ஒளிர்ந்தது.

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆடி வெள்ளிதோறும் அம்மா அம்மனுக்குப் போடும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே செருகியிருக்கிறாள்.

"அம்மா, இதையா போன வாரமும் இதுல மாட்டுன?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப? அது ஜீரோ வாட்டு கண்ணு. கரண்டே இழுக்காது."

மயில்வாகனன் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய காதுகள் இரண்டும் அம்மன் முகத்தைப் போலவே சிவந்துவிட்டன. அந்தப் பழைய பல்பு தனியாகப் பன்னிரண்டு வாட் இழுக்கிறது, என் லேப்டாப்பை விட அதிகம். போன வெள்ளி அது எரிந்தபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜீரோதானே என்று என் மனமும் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சுண்டல் எடுத்து வரப் போனாள்.

சுண்டல் தீர்வதற்குள் அம்மா கறந்த விவரங்கள்: ஊர் உடுமலை. அப்பா இல்லை, அம்மா அக்கா வீட்டில். வயது நாற்பது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றும் கேட்டேவிட்டாள். நான் மீட்டருக்குள் புகுந்துகொள்ளப் பார்த்தேன்.

"யாரும் கேக்கலீங்க" என்றார் அவர், சுண்டலைப் பார்த்தபடி.

இரண்டு வாரமாக இதையெல்லாம் நான் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அம்மா தேங்காய் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் செய்து ஒரு டப்பா கூடுதலாகக் கட்டினாள். "அந்தக் காதுக்காரருக்கு" என்றாள். போகிற வழியில் கொடுத்துவிட்டேன். கிராஸ்கட் ரோடு நான் போகிற வழியில் இல்லை, ஆனால் சுற்றிப் போனால் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

10.5. இங்கேயே சண்டித்தனம் செய்கிறது. கீபோர்டு விளக்கை அணைத்தேன். திரையின் பின்னணியைக் கறுப்பாக்கினேன். பின்னால் ஓடும் சில்லறை புரோகிராம்களை எல்லாம் விரட்டினேன். ஃபேன் சத்தம் கூட நின்றுவிட்டது. அரை வாட்! பேரம் பேசினால் கடைக்காரன் கூட இறங்கி வருவான், இது இறங்கவில்லை.

ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பத்திரண்டரை ஆகிறது. டாக்டர் ஆக்னஸ் ஐம்பதே கால் கூட ஒப்புக்கொள்ள மாட்டார். முகாம் பேட்டரியின் கணக்கு அப்படி. ஒருவர் அதிகம் எடுத்தால் காட்டுக்குள் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவி நின்றுபோகும்.

மயில்வாகனன் தன் லேப்டாப்பை இன்னும் அளக்கவில்லையாம். அவருடையது பெரிய இயந்திரம், கேட்கும் திறன் சோதனைக்கென்று வாங்கியது. அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

மதியம் மயில்வாகனன் என் ஆபீஸுக்குப் போன் செய்து, மிகவும் தயங்கி, ஒன்று கேட்டார்.

"வைஃபைய ஆஃப் பண்ணிட்டுத்தானுங்களே அளக்கறீங்க? அங்க நெட்டே இல்லீங்களே."

ஆமாம், ஆமாம், அது தெரியாதா என்றேன். போனை வைத்துவிட்டு மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். இத்தனை நாளும் வைஃபை போட்டபடியேதான் அளந்திருக்கிறேன். வால்பாறையின் வானிலையை அவ்வப்போது பார்க்க வேண்டியிருந்தது என்பதே காரணம்.

மாலை வைஃபையை அணைத்தேன். அணைக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. ஏன் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மீட்டரைப் பார்த்தேன்.

9.6.

நம்ப முடியாமல் இன்னொரு மணி நேரம் ஓட்டினேன். 9.6! நான் காட்டுக்குப் போகிறேன்! அம்மாவைப் பிடித்துச் சுற்றினேன். கரண்டியோடு சுற்றியதில் சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. மீட்டருக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். அணைந்து கிடந்த ஜீரோ வாட் பல்பைக் கூட மன்னித்துவிட்டேன்.

முதலில் மயில்வாகனனுக்குச் சொல்ல வேண்டும் என்று வைஃபையைப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அவரிடமிருந்து செய்தி வந்து காத்துக்கிடந்தது.

'அளந்துட்டேங்க. எல்லாம் அணைச்சும் 17க்குக் கீழ வரல. வேற லேப்டாப் கேட்டுப் பாத்தேன், மழைக்காட்டுக்குத் தர யாருக்கும் மனசு வரல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க போய்ட்டு வாங்க. உங்களது 10க்குள்ள வந்துரும். அங்க ஒரு தவளையவாவது எனக்காகக் கேளுங்க.'

நான் அனுப்ப இருந்த செய்தியை அழித்துவிட்டேன். பிறகு, 9.6 என்று மட்டும் அனுப்பினேன். உடனே ஒரு மத்தாப்பூ படம் அனுப்பினார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

9.6. எல்லாம் சரியாக இருக்கிறது. ரசத்தில் நான் உப்பே போடவில்லை என்று அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மா பல்பைச் சமையலறை பிளக்கில் இருந்து நீள வயர் இழுத்து மாட்டியிருக்கிறாள். என் மீட்டருக்கு மரியாதை. 9.6.

ஒலிக்கோப்பை ஒரு மணி நேரம் கேட்டேன். கோலிக்குண்டு, கீல், மேலாளர். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. சக தன்னார்வலர் ஒருவர் வர முடியாமல் போனால் முகாமின் வேலை பாதிக்கப்படும் என்ற கவலை யாருக்கும் இருக்கும்தானே.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பையன் வர்றதில்லியா?" என்றாள். இல்லை என்றேன். நாற்பது வயதில் பையனா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். பெருந்துறைக்காரர்கள் நேற்று போன் செய்ததாகச் சொன்னாள். நான் மூன்று வாரம் இருக்க மாட்டேன் என்றேன். அவள் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அன்னூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பழைய மோட்டார் ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றாடம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று படிவத்துக்காகக் கேட்டேன். நாளெல்லாம் ஓடுமாம். ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு எதற்கு என்று வழக்கம்போலச் சிடுசிடுத்தேன். அண்ணன்காரர் சிரித்தார்.

"ஒரு தோட்டமில்லீங்க, ரெண்டு. பாகம் பிரிச்சாச்சு, கெணறு பொதுங்க. காலைல நானு, மத்தியானத்துக்கு மேல இவன். மொற வெச்சுப் பாச்சறோம். மோட்டாரு ஒண்ணு போதுமுங்களே."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஒரு மோட்டார், இரண்டு தோட்டம். காலையில் ஒருவர், மதியம் ஒருவர்.

ஆளுக்கு ஐம்பது வாட் அவர் என்றால் இரண்டு பேருக்கு நூறு. என் லேப்டாப் பத்து மணி நேரம் ஓடினால் தொண்ணூற்றாறு. அவருடைய பதினேழு வாட் மலைமாடு எதற்கு? அதை யார் கூப்பிட்டது?

அங்கிருந்தே டாக்டர் ஆக்னஸுக்குப் போன் செய்தேன். பின்னால் மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன், தம்பி, மேலாளர் மூவரும் வேலையை விட்டுவிட்டு, நானும் ஒரு மயில்வாகனனும் ஒரு லேப்டாப்பைப் பங்குபோடும் திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆக்னஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நியாயம்தான், ஆனால் கணக்கு வேண்டாம், அளவுதான் வேண்டும் என்றார். பத்து மணி நேரம், ஒரே நாள், இரண்டு பேரும் முறை வைத்துக் கேட்டு, நூறுக்குள் முடித்துக் காட்ட வேண்டும். கெடு பதினைந்தாம் தேதி மாறாது.

பிறகு மயில்வாகனனுக்குப் போன் செய்தேன். கடையில் யாருக்கோ கருவி பொருத்திக்கொண்டிருந்தார். முழுவதும் சொன்னேன்.

"காலைல நீங்க, மத்தியானம் நானுங்களா?"

"ஆமாங்க."

"நீங்க கேக்கறப்ப நான் என்ன பண்றதுங்க?"

"சும்மா பக்கத்துல உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், மோட்டாரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். சோதனைக்கூடம் நிசப்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரே துளையில் இரண்டு ஹெட்போன் மாட்டும் சின்னக் கம்பி ஒன்று வாங்கினேன். முறை மாறும்போது சந்தேகமான குரலை இருவரும் சேர்ந்து கேட்க வேண்டி வரலாம். கூடுதல் மின்சாரம் பிடிக்குமோ என்று மாட்டி அளந்தேன். இரண்டாவது ஹெட்போனுக்கு மீட்டர் ஒரு புள்ளி கூட ஏறவில்லை. உண்மையான ஜீரோ வாட் இதுதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. காலை ஏழு மணிக்கே மயில்வாகனன் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. தெருமுனையில் கொடியேற்றி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டில் பேட்டரியை நிரப்பி, வைஃபையை அணைத்து, எட்டு மணிக்கு மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம்.

காலை முழுக்க நான் கேட்டேன். அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதிலும் தலையைச் சாய்த்துத்தான் உட்காருகிறார். அம்மா திரையருகே பாய் போட்டுக் காவல் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கைப்பேசி சார்ஜரோடு வந்தபோது, இன்று இந்த வீட்டில் பிளக் கிடையாது என்று வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மதியம் முறை மாறியது. இப்போது நான் சும்மா உட்கார்ந்தேன். ஒரு குரல் பிடிபடவில்லை என்று இரண்டாவது ஹெட்போனை நீட்டினார். சேர்ந்து கேட்டோம். பிடிபட்டது. அடுத்த குரலும் பிடிபடவில்லை என்றார். கூட்டத்தில் ஒரு தவளையைக் கூடத் தவறவிடாத மனிதருக்கு இன்று ஒன்றுமே பிடிபடவில்லை. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

நான்கு மணிவாக்கில் ஆடிக் காற்று ஒரு கீற்றுத் தட்டியைத் தூக்கி வந்து எங்கள் சன்னலில் அடித்தது. விளக்குகள் ஒரு முறை கண் சிமிட்டின. மின்சாரம் போனால் மீட்டர் அத்தனையும் மறந்துவிடும், நாள் முழுதும் பாழ். அம்மா அம்மனிடம் சத்தமாகவே பேசினாள். "தாயே, இன்னிக்கு ஒரு நா பொறுத்துக்கோ. நாளைக்கு உனக்குப் பகல் பூரா வெளக்குப் போடறேன்." மின்சாரம் போகவில்லை.

ஆறு மணிக்கு மீட்டரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பார்த்தார்.

"தொண்ணூத்தாறுங்க" என்றார். பிறகு, "பொன்மணி, தொண்ணூத்தாறு" என்றார். இதற்கு முன் என்னை மேடம் என்றுதான் சொல்லுவார்.

டாக்டர் ஆக்னஸுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். 'இருவரும் வரலாம். நான்கு வாட் அவர் மிச்சம், அதை உங்கள் இஷ்டப்படி செலவு செய்யுங்கள்' என்று பதில் வந்தது. அந்தக் கட்டைக் குரல்காரருக்குள் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மயிலுக்கு அம்மா ராத்திரிச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. அம்மா சொன்னபடி விடியலிலிருந்து பல்பை எரிய விட்டாள். நான் துணி, கம்பளி, அட்டைக்குப் பூச வேப்பெண்ணெய், மீட்டர், இரண்டு ஹெட்போன் எல்லாம் எடுத்து வைத்தேன். பெட்டி மூடவில்லை. நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். பெருந்துறையைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று பெட்டி மேல் உட்கார்ந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாளில் நான் தவளை கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தால்தான் வருத்தமாக இருந்தது.

மாலை பூஜை முடிந்ததும் அம்மா பல்பை அணைத்து, ஆற விட்டு, ஹோல்டரோடும் வயரோடும் கழற்றினாள். ஒரு துண்டில் சுற்றினாள். என்னிடம் நீட்டினாள்.

எதற்கு என்றேன்.

"நாலு மிச்சம்னு அந்தம்மா சொன்னாங்களே. இத எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் பொட்டியப் பாத்துப் பாத்து கண்ணு கெட்டுப் போயிரும். சாயங்காலத்துல கொஞ்ச நேரம் வெளக்கப் போட்டுட்டு, மொகத்தப் பாத்துப் பேசுங்க."

பெருந்துறைக்காரங்க, என்று இழுத்தேன்.

"அவங்க போன் பண்ணப்பவே வேண்டாமுன்னுட்டேன். நீ உப்பில்லாத ரசம் வெச்சியே, அன்னைக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, பெட்டியிலிருந்து என்னை இறக்கிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தாள். பெட்டி மூடிக்கொண்டது.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. பொள்ளாச்சி தாண்டிவிட்டது பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் எழுதுவதால் எழுத்து நடனமாடுகிறது. சன்னலோரம் எனக்கு. பக்கத்தில் மயில், மடியில் என் லேப்டாப்பை மழைச்சாரல் படாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கிறார்.

அந்தப் பல்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். அம்மா சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். அவர் தலை சாய்த்து மீதியையும் கேட்டுவிட்டது போல இருந்தது. கணக்குப் போட்டார். பன்னிரண்டு வாட் பல்பு, மிச்சம் நான்கு வாட் அவர். தினமும் இருபது நிமிடம் எரியும்.

இருபது நிமிடம் போதுமா என்று கேட்டார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது, ஆகவே உண்மையைச் சொன்னேன்: போதாது.

லேப்டாப்பின் திரை வெளிச்சத்தை இன்னும் ஒரு புள்ளி குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகும் என்றார்.